ரெண்டே ரெண்டு பீடி

அக்கா, உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேட்கலாமா? பெரிசா ஒண்ணும் இல்லை. நான் சொல்லுறதைக் கேட்டுட்டு, இப்படிப் பேசினால் சரியா இருக்குமா, உள்ளே இருக்கிற மேடம் ஏசுமா என்று மட்டும் சொல்லுங்க. படிச்சவங்க முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடும். அஞ்சாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னதற்கே அழுதவள் நான். நீங்க யார் எவர் என்று தெரியாது, அதனால்தான் உங்ககிட்டப் பேச்சு வருது. தெரிஞ்ச ஆள் என்றால் வராது.

என் டோக்கன் பதினாலு. இப்போதான் ஒன்பது உள்ளே போயிருக்கு. நேரம் கிடக்கு.

விஷயம் இதுதான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு பீடி குடிக்க மேடம் சம்மதிக்கணும். காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வீட்டுக்கு வெளியே, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது. ரெண்டே ரெண்டு.

சிரிக்காதீங்க அக்கா. பீடியை விட வைக்கிற ரூம் வாசலில் உட்கார்ந்துக்கிட்டு பீடி கேட்கிறாளே என்றுதானே சிரிக்கீங்க. எனக்கும் தெரியும். ஆனால் எங்க வீட்டில் நிம்மதி போய் ரெண்டு மாசம் ஆச்சு. அவருக்காகத்தான் கேட்கிறேன். எனக்கு என்ன, நான் ஒரு பீடியை வாயில் வச்சுப் பார்த்தவளா?

இருங்க, ஒரு நிமிஷம். படிக்கட்டு வரைக்கும் போய் எட்டிப் பார்த்துட்டு வந்திருதேன்.

இருக்காங்க. அவரும் பிள்ளையும் கீழே குழந்தைகள் டாக்டர்கிட்ட வரிசையில் நிற்காங்க. பிள்ளை தோளில் கிடக்கா. நீல சட்டை போட்டு, ஒரு கையில் பிஸ்கட்டு பாக்கெட்டு வச்சிருக்காரே, அவர்தான்.

சரி, முதலில் இருந்து சொல்லுதேன். மேடம்கிட்டயும் இப்படித்தான் ஆரம்பிக்கணும் என்று நினைச்சிருக்கேன்.

கார்த்திகை மழையில் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. சுபிக்ஷா என்று பேர், சுபி என்று கூப்பிடுவோம். மூன்றரை வயசு. மூச்சு விட்டால் சைக்கிள் டியூபில் காத்து இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். விலா எலும்பு உள்ளே உள்ளே போகுது. தூக்கிக்கிட்டு இதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடி வந்தோம். மூக்கில் மாட்டி ஆவி வச்சாங்க. அப்புறம் அந்த டாக்டர் கேட்டார், "வீட்டுல யாருய்யா பீடி குடிக்கது?"

"நான்தான் சார்," என்றார் இவர்.

டாக்டர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இலைக் கறை. "நீ பீடி சுத்துறியாம்மா?"

நான் கையைச் சேலைக்குள்ளே இழுத்துக்கிட்டேன்.

"நல்ல குடும்பம்," என்றார் டாக்டர். "ஒராளு சுத்த, ஒராளு ஊத, பிள்ளை மூச்சு விட வழியில்லாமக் கெடக்கு. வீட்டுக்குள்ள பொகையும் இருக்கப்படாது, தூளும் இருக்கப்படாது. கேட்டுதா?"

எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடிதான் அக்கா. அஞ்சாம் வகுப்பு முடிச்ச லீவில் எங்க அம்மா மடியில் தட்டைத் தூக்கி வச்சாள். இலையைத் தகட்டில் வச்சு வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, நூலைச் சுத்தி, நுனியை மடக்கி, ஒரு நாளைக்கு எழுநூறு. கல்யாணத்துக்கு மறுநாள் ஒண்ணு, பிள்ளை பெத்து வந்த பதினாறு நாள், அவ்வளவுதான் நான் சுத்தாத நாள். பதினாறு நாளும் ஒரே அழுகை. பிள்ளை பெத்தவள் அழத்தான் செய்வாள் என்று எங்க அத்தை சொன்னாங்க. பதினேழாம் நாள் தட்டை எடுத்தேன், சரியாப் போச்சு.

டாக்டர் சொன்ன அன்றைக்கே ரெண்டு பேரும் விட்டோம். அவர் பாக்கெட்டில் இருந்த பீடிக் கட்டை எடுத்து வாறுகால் சாக்கடையில் போட்டு மிதிச்சார். நான் தட்டு, கத்தரி, தகடு, மிச்ச இலை, மிச்சத் தூள், எல்லாத்தையும் நாலு வீடு தள்ளி இருக்கிற செண்பகக்காவிடம் கொடுத்துட்டேன்.

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. வேலையை விட்டேன், அவ்வளவுதானே. வேலையை விடுறதும் பீடியை விடுறதும் ஒண்ணா? அவர் விட்டதுதான் பெரிசு. பத்தொன்பது வயசில் இருந்து குடிச்சவர். அதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

முதல் தடவை இந்த ரூமுக்கு வந்தப்போ மேடம் அவர்கிட்ட ஒரு நோட்டீஸ் கொடுத்தது. அவர் மடிச்சு வண்டியில் போட்டுட்டார். நான் எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சு மனப்பாடம் பண்ணிட்டேன். நிறுத்தினவங்களுக்கு என்னென்ன வரும் என்று அதில் போட்டிருக்கு. எரிச்சல் வரும். படபடப்பு வரும். தூக்கம் வராது. தலைவலிக்கும். ஒரு வேலையில் மனசு நிற்காது. காரணம் இல்லாமல் அழுகை வரும். நாலு வாரத்தில் குறையும். இவ்வளவும் அவருக்கு வருதா என்று கூடவே இருந்து பார்க்கணும், அது பெண்டாட்டி கடமை என்று வச்சுக்கிட்டேன்.

வந்தது அக்கா. முதல் வாரம் எல்லாம் வந்தது. லோடு ஆட்டோ ஓட்டுறார், அந்த வண்டியை ஒரு நாளைக்கு மூணு தரம் கழுவினார். ஸ்டாண்டில் இருக்கிற ஆட்கள், "ஏ மாப்ள, வண்டிக்குச் சடங்கா? இந்தக் குளிப்பாட்டு குளிப்பாட்டுத?" என்று கேலி பண்ணினாங்க. சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தினார், போட்டதும் கூடிட்டு என்று கத்தினார். கிராம்பு, இஞ்சி மிட்டாய், சோம்பு, எதையாவது மென்னுக்கிட்டே இருந்தார். டிவியில் நகைக்கடை விளம்பரம் வந்தது, பொண்ணு மணவறையில் உட்காருது, அப்பன்காரன் கண்ணைத் துடைக்கிறான், இவரும் துடைக்கிறார். நான் அடுப்படியில் போய் நின்று சிரிச்சேன்.

எட்டு நாள். ஒன்பதாம் நாள் எல்லாம் நின்று போச்சு. சாப்பிடுறார். பாட்டை முணுமுணுக்கிறார். பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டு வாய்க்கால் வரைக்கும் நடந்துட்டு வாறார். படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை.

அங்கேதான் எனக்குப் பயம் பிடிச்சது. நோட்டீஸில் நாலு வாரம் என்று போட்டிருக்கு. இவருக்கு எட்டு நாளில் போயிட்டென்றால் அது எங்கே போச்சு? போகவில்லை. உள்ளே போய்ப் பதுங்கி உட்கார்ந்திருக்கு. வெளியே காட்டாமல் நடிக்கிறார். அந்தக் குறட்டையும் நடிப்புத்தான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீங்களா? நான்தான் ஒரு பொட்டுக் கண்ணை மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேனே.

கேட்டால் சிரிக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்லளா, நீ உறங்கு" என்கிறார். எப்படி உறங்க? அவர் உள்ளே வச்சிருக்கிற படபடப்பு எல்லாம் எனக்குத்தானே கேட்குது. நெஞ்சு திக்கு திக்கு என்று அடிக்குது. அவரை நினைச்சுத்தான்.

வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கேஸை மூடினோமா என்று போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால், இப்போ தொட்டுப் பார்த்தபோது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று தோணும். மறுபடி எழுந்திருப்பேன். ஆம்பளை ஒருத்தர் வீட்டில் மனசுக்குள்ளே தவிச்சுக்கிட்டு இருந்தால் பொம்பளைக்கு இப்படித்தான் இருக்கும், இல்லையா?

பிள்ளையைப் பால்வாடியில் விட்டுட்டு வந்தால், விட்டோமா, வழியில் எங்கேயாவது நின்னுட்டாளா என்று திரும்ப ஓடுவேன். ஒரு நாளைக்கு மூணு தரம், நாலு தரம். பால்வாடி டீச்சர் டெய்சி ஒரு நாள் வாசலில் நின்னுக்கிட்டே, "ஏ ஆவுடை, நீயும் உள்ள வந்து பாயில உக்காரு. வருகைப் பதிவுல பேரு எழுதிக்கிடுதேன், முட்டையும் தாரேன்" என்றாங்க. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்குது. சுபிகூடச் சிரிக்கிறாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துட்டு. சும்மா ஒரு கேலிக்கு யாராவது அழுவாங்களா? அழுதேன்.

பூ கட்டிப் பிழைக்கலாம் என்று மல்லிகை வாங்கினேன். பத்துப் பூவை எடுத்தால் கை அதை உருட்டி வச்சிருக்கு. காம்பு எது, இதழ் எது என்று தெரியாமல் உருட்டி, நூலைச் சுத்தி, நுனியை வேற மடக்கி வச்சிருக்கு. பூக்காரி பார்த்துட்டு, "யம்மா, இதைத் தலையில வைக்கவா, பத்த வைக்கவா?" என்று கேட்டாள். இந்த பஸ் டிக்கெட்டைப் பாருங்களேன். காலையில் பஸ் ஏறினதில் இருந்து சுருட்டிக்கிட்டு இருக்கேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது. பழக்கம்.

பன்னெண்டு போயாச்சா? இல்லை, பதினொண்ணுதானா. சரி.

அவருக்குக் கண்ணு பட்டிருக்கு என்று நினைச்சேன். தெருவில் இத்தனை ஆம்பளைகள் விட முடியாமல் கிடக்கிறப்போ இவர் ஒரே நாளில் விட்டால் கண்ணு வைக்க மாட்டாங்களா? செவ்வாய்க்கிழமை மிளகாய், உப்பு எடுத்துச் சுத்திப் போட உட்கார்ந்தேன். அப்போ எனக்கு ஒரு யோசனை. சோத்துக் கண்ணுக்குச் சோத்து உருண்டை போடுற மாதிரி, பீடிக் கண்ணுக்குப் பீடித் தூள் போட்டால்தானே போகும்? செண்பகக்காவிடம் போய் ஒரு கை தூள் வாங்கி வந்தேன். மிளகாயோடு சேர்த்து அவர் தலையை மூணு சுத்துச் சுத்தி, கொல்லையில் அடுப்பு மூட்டிப் போட்டேன். புகை எழும்புச்சு பாருங்க. மிளகாய் நெடியே தெரியவில்லை. கண்ணு அவ்வளவு பட்டிருந்திருக்கு.

அவர் இருமிக்கிட்டே தெருவுக்கு ஓடினார். "ஏளா, கூறு கெட்டவளே! நான் விட்டதை நீ அடுப்புல வச்சு ஊதுதியா?" என்று அங்கே நின்னு சத்தம். தெருவே பார்க்குது. எனக்கு வெட்கம்தான், ஆனாலும் அடுப்புப் பக்கத்தை விட்டு நகரவில்லை. முழுசும் எரிஞ்சு முடிகிற வரைக்கும் நிற்கணும் இல்லையா, பாதியில் வந்தால் பலிக்காது.

பலிச்சது அக்கா. அன்றைக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன். அவருக்கு இறங்கினதால்தானே எனக்கு நிம்மதி. வெள்ளிக்கிழமையும் சுத்திப் போட அடுப்பை மூட்டினேன். அவர் ஒரு குடம் தண்ணியை எடுத்து ஊத்திட்டார். "இனிமே இந்தத் தூளு வாசப்படி தாண்டி வந்துதோ, நான் தாண்டிப் போயிருவேன்" என்றார்.

அவர் பேச்சை நான் தட்டவில்லை. தூள் வாசப்படி தாண்டி வரவே இல்லை. நான்தான் தாண்டிப் போனேன்.

செண்பகக்கா வீட்டுக்கு. அவள் வீட்டுக் காத்து நல்ல காத்து அக்கா. சில வீடு அப்படித்தான், உள்ளே நுழைஞ்சதும் மனசு அமர்ந்திரும். ராசி. அவள் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் ஊர்ப் பேச்சு பேசினால் போதும், தலையில் கட்டி வச்ச கல்லை இறக்கின மாதிரி இருக்கும். சும்மா உட்காரலாமா என்று கொஞ்சம் மடக்கிக் கொடுப்பேன். அப்புறம் கொஞ்சம் சுத்திக் கொடுப்பேன். ஐம்பது, நூறு. காசுக்கு இல்லை, ஒத்தாசைக்கு.

"ஏட்டி, கூலி இல்லாம நீ சுத்துத, கூலிக்குச் சுத்துத நான் உனக்குக் காப்பி போடுதேன். எந்த ஊரு நியாயம்?" என்பாள் செண்பகக்கா. நல்ல மனுசி.

முதலில் வாரத்துக்கு ரெண்டு நாள். இப்போ தினமும். பிள்ளையைப் பால்வாடியில் இருந்து கூட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி போயிட்டு வந்திருவேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் தப்பில்லை, ஆனால் பாவம், பீடி வாசம் பட்டால் அவருக்குத் திரும்ப ஆசை வந்திருமே. அதனால் புளியைப் போட்டுக் கையைத் தேய்ச்சுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எல்லாம் அவருக்காகத்தான்.

இப்போ சொல்லப்போறதுதான் முக்கியம். மேடம்கிட்ட இதைச் சொல்லும்போது அழுதிரக் கூடாது.

போன வாரம் பிள்ளைக்கு மறுபடி இளைப்பு வந்துட்டு. ரெண்டு மாசமா இல்லாதது. சாயங்காலம் பால்வாடி விட்டு வந்து என் மடியில் படுத்து, முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கிட்டு உறங்கினாள், அது அவள் பழக்கம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம். டியூபில் காத்து இறங்குகிற சத்தம்.

அவருக்கு போன் போட்டேன். வண்டியை விரட்டிக்கிட்டு வந்தார். வந்த ஆளிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை அக்கா நான். நடுத்தெருவில் வச்சுக் கேட்டேன். "யாருக்குத் தெரியாம எங்க வச்சு ஊதுதிய? மறைஞ்சு குடிச்சுட்டு வந்து பிள்ளைக்கு முத்தம் கொடுக்கியளா?"

நான் பேசினதா என்று எனக்கே இப்போ நம்ப முடியவில்லை. தெருவில் தலை நிமிர்ந்து நடக்காதவள் நான். ஆனால் வேறு யார்? வீட்டில் புகை இல்லை, தூள் இல்லை. இவர் குடிச்சுட்டு வந்தால் தவிரப் பிள்ளைக்கு எப்படி வரும்? அவர் சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினேன். வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். வாயை ஊதச் சொன்னேன். அத்தனை பேர் பார்க்க அவர் என் முகத்தில் ஊதினார். இஞ்சி மிட்டாய் வாசம்தான் வந்தது. கெட்டிக்காரர்.

பிள்ளை தலையில் கை வச்சு, "இவ மேல சத்தியமா நான் தொடல" என்றார். நான் நம்பவில்லை.

வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில், ரோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டார், "நீ மத்தியானம் எங்க போயிட்டு வார?"

"செண்பகக்கா வீட்டுக்கு. பேசிக்கிட்டு இருந்தேன்."

"சரி," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரமா என்னை ஏசவும் இல்லை, கேட்கவும் இல்லை. நேற்று, "நாளைக்கு அந்த மேடத்தப் போய்ப் பார்த்துட்டு வருவோம், நீயும் கூட வா" என்றார். அவராகவே சொன்னார். தாங்க முடியவில்லை என்று ஒத்துக்கிட்டாரே என்று எனக்குச் சந்தோசம்.

அதனால்தான் அக்கா யோசிச்சேன். விட்டேன் விட்டேன் என்று சொல்லிக்கிட்டு மறைஞ்சு குடிக்கிறதுக்கு, சொல்லிட்டு வெளியே ரெண்டு குடிக்கட்டுமே. பிள்ளைக்கும் ஆபத்து இல்லை. அவருக்கும் நெஞ்சு அமரும். வீட்டில் அவருக்கென்று ஒரு கட்டு இருந்தால், நானே வெளியே எடுத்துக் கொடுத்து, நானே எண்ணி உள்ளே வச்சிருவேன். நான் சுத்தியே கொடுத்திருவேன். கடைப் பீடியில் என்ன தூள் போடுறானோ? ஒரு சின்னத் தட்டு போதும். கொல்லையில் வச்சுக்கிடுவேன். பிள்ளை பக்கம் கொண்டு வர மாட்டேன்.

இப்படிச் சொன்னால் மேடம் கேட்குமா அக்கா? நீங்க ஏன் என்னையே அப்படிப் பார்க்கீங்க?

பதினாலா? பதினாலுதான் கூப்பிடுதா? அந்தா அவரும் வந்துட்டார். பிள்ளைக்கு டாக்டர் பார்த்தாச்சு போல. ரெண்டே ரெண்டு, காலையில் ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. சரி. போயிட்டு வாறேன்.

* * *

நீங்க இன்னும் இங்கேதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தள்ளிக்கோங்க.

அவர் கீழே மருந்து வாங்கப் போயிருக்கார், பிள்ளையைத் தூக்கிக்கிட்டு.

கேட்டுட்டேன் அக்கா. உங்ககிட்டச் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. மேடம் பேனாவை மூடி வச்சுட்டு முழுசும் கேட்டது. ஏசவில்லை. முதலில் அவரை ஒரு மெஷினில் ஊதச் சொன்னது. குடிச்சிருந்தால் அதில் நம்பர் காட்டுமாம். ஊதினார். மேடம் எனக்கே திருப்பிக் காட்டிச்சு. பீடியைத் தொடாத ஆள் ஊதினால் என்ன வருமோ அதுதான் வந்திருக்காம். "உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலம்மா" என்றது.

நடுத்தெருவில் வச்சு அவரை வாயை ஊதச் சொன்னேனே அக்கா. அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

பிறகு மேடம் அந்த நோட்டீஸில் இருக்கிறதையே ஒவ்வொண்ணாக் கேட்டது. தூக்கம் வருதா? அவர் வருது என்றார். நான், "எங்க மேடம், ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது" என்றேன். படபடப்பு? அவர் இல்லை என்றார். நான், "நெஞ்சு அடிக்கிற சத்தம் வெளியே கேட்குது மேடம்" என்றேன். தலைவலி? காலையில் எழுந்திருக்கும்போதே வலிதான் மேடம். அழுகை? பால்வாடி வாசலில்கூட மேடம். நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறேன். சொல்லி முடிச்சுட்டுத் தலையைத் தூக்கினேன். மேடம் அவரைப் பார்க்குது. அவர் என்னைப் பார்க்கிறார்.

"யாருக்கும்மா இவ்வளவும்?" என்று கேட்டது மேடம்.

தரையைப் பார்த்தேன்.

கையை நீட்டச் சொன்னது. புளி போட்டுத் தேய்ச்ச கைதான், ஆனாலும் விரல் நுனியைப் புரட்டிப் பார்த்தது. எத்தனை வயசில் இருந்து சுத்துறே என்று கேட்டது. பதினொண்ணு என்றேன். எப்போ நிறுத்தினே? அவர் நிறுத்தின அன்றைக்கே. கடைசியா எப்போ தூளைத் தொட்டே?

வாய் ஒட்டிக்கிட்டு அக்கா. இன்னைக்குக் காலையில் பஸ்ஸுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரிக்குப் போறோம் என்று சொல்லிட்டு வரலாமே என்று செண்பகக்கா வீட்டுக்குப் போனேன். பத்து நிமிஷம்தான். ஒரு முப்பது மடக்கிக் கொடுத்தேன். இந்தச் சேலையோடுதான்.

நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். "காலையிலயும் போயிட்டுத்தான் மேடம் வந்தா. நான் ஏசல. என்னால எட்டு நாளு தாங்க முடியல. இவ ரெண்டு மாசமாத் தாங்குதா."

எனக்கு அதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. நான் எதைத் தாங்கினேன்? நான் என்ன குடிச்சேனா? மேடம் என்னமோ சொல்லுது, தூள் கை வழியா உள்ளே போகுமாம், மூக்கு வழியாப் போகுமாம், வாயில் வச்சால்தான் என்று இல்லையாம். வருசக்கணக்காச் சுத்தினவங்க உடம்பு அதைக் கேட்குமாம். அந்தத் தூள் சேலையிலயும் இருக்குமாம், தலைமுடியிலயும் இருக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க அம்மா முப்பது வருசம் சுத்தினாள், எங்க தெருவே சுத்துது. அப்போ நாங்க எல்லாரும் பீடி குடிக்கிறவளுகளா? என்ன பேச்சு இது?

மேடம் ஒரு புதுச் சீட்டை எடுத்து, "பேர் சொல்லுங்க" என்றது. புருசன் பேரை நான் எப்படிச் சொல்ல? அவரே சொல்லட்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் என்னையே பார்த்தார். மேடம் திரும்பவும், "உங்க பேரும்மா" என்றது.

இந்தா, இதுதான் சீட்டு. ஆவுடைத்தாய், பெண், இருபத்தாறு. ரெண்டு வாரம் கழிச்சு வரணுமாம். நான் வர மாட்டேன் அக்கா. பீடியை நிறுத்துறவங்க வரிசையில் ஒரு பொம்பளை வந்து நின்னால் ஊர் என்ன சொல்லும்? அந்த மேடம் சொன்னதை நான் நம்பவும் இல்லை. சின்னப் பிள்ளை, படிச்சதைச் சொல்லுது. பார்ப்போம். ரெண்டு வாரம் இருக்கே.

அந்தா வாறாங்க. பிள்ளை முழிச்சுட்டா. என்னைப் பார்த்துட்டா, பாருங்க, அங்கேயிருந்தே ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வாறா. "அம்மா தூக்கு, அம்மா தூக்கு" என்று. வந்ததும் என் முந்தானையைத்தான் இழுப்பா.

ஏங்க, அங்கேயே நில்லுங்க. ஒரு நிமிஷம். இல்லை, இப்போ தர வேண்டாம், நில்லுங்க.

அக்கா, உங்க பையில் துவைச்ச துண்டு ஏதாவது இருக்கா? இந்தச் சேலைக்கு மேலே போட்டுக்கிட்டுப் பிள்ளையை வாங்கணும்.